பத்தாவது வீச்சு

இது நடந்தது. மெஹபூப் பாஷா இதை நோன்பு வாயோடு சொன்னான். நோன்பில் ஒரு பொய் சொன்னால் அன்றைய பட்டினியே வீண் என்று நினைக்கிற ஆள் அவன். கள் கிடையாது, கஞ்சா கிடையாது. மயிலாப்பூர் கால்வாயில் படகிலிருந்து சவுக்குக் கட்டை இறக்குவது அவன் தொழில். ஒரு நாளைக்கு நூறு தரம் பலகை ஏறி இறங்குகிறவன் கதை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் விடியற்காலையில் அடையாற்றங்கரைக்குத் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

1933, டிசம்பர் 28. வியாழக்கிழமை.

முதலில் அந்தத் தூண்டிலைச் சொல்லிவிட வேண்டும். அது பாஷாவின் கூட்டாளி பவுல்சாமியுடையது. பவுல்சாமிக்கு வீடு சாந்தோமில், வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துரை பங்களாவின் குசினியில். ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய துரை சீமைக்குக் கப்பலேறும்போது அவனிடம் கொடுத்துவிட்டுப் போன கோல். ஒன்பது அடி. மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்தது. இதற்குப் புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். கொக்கியில் சேவல் இறகைக் கட்டி, பட்டு நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் ஆட்டி வீச வேண்டும். இறகு பூச்சி மாதிரி தண்ணீரில் இறங்கும். மீன் ஏமாந்தால் உண்டு.

பெரும்பாலும் ஏமாறாது. நூல் காதைச் சுற்றும். கொக்கி சொந்த முதுகையே பிடிக்கும். தாழம்புதரில் மாட்டிக்கொண்டால் அரை மணி போச்சு. கால்வாய்ப் படகுக்காரர்கள் விட மாட்டார்கள். “இன்னா பாய், ஆத்துக்கு விசிறி வீசிக்கினு கீறியா? வேர்க்குதா அதுக்கு?” என்பார்கள். ஆனால் எப்போதாவது ஒரு வீச்சு, நூல் கடைசி முழம் வரைக்கும் நேராக விரிந்து, இறகு சத்தமே இல்லாமல் போய் உட்காரும். அந்த ஒரு மூச்சு நேரம் கட்டை சுமந்த தோளில் வலி இருக்காது. மீன் விழுந்தால் சந்தோஷம்தான். விழாவிட்டாலும் அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் இரண்டு பேரும் அடையாற்றங்கரை இடிந்த படியில்தான் நிற்பார்கள்.

ஒரு கோல், இரண்டு ஆள். அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து வீச்சு. பத்து முடிந்ததும் பேசாமல் இடது பக்கம் நீட்ட வேண்டும், மற்றவன் வாங்கிக்கொள்ள வேண்டும். வீசாதவன் பின்னால் நின்று எண்ணுவான். பவுல்சாமி எண்ணினால் துரை மாதிரி ‘ஒன், டூ’ என்றுதான் எண்ணுவான். துரை வழக்கம் என்று அவன்தான் இந்த முறையைக் கொண்டுவந்தான். ஒருவன் இல்லாமல் மற்றவன் கோலைத் தொடக் கூடாது. இதுவும் பேச்சு.

பதினோரு வருஷப் பழக்கம். ஒரு தரம் கட்டை அடுக்கு சரிந்து பாஷாவின் கால் மாட்டிக்கொண்டபோது, மேஸ்திரி வண்டிக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பவுல்சாமிதான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். பாஷாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த இடத்தில் பவுல்சாமிதான்.

அந்த வருஷம் நோன்பும் மார்கழியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்தன. “பங்களாவுல விருந்துக்கு மேல விருந்து பாய், இந்த ஞாயித்துக்கெழம முடியாது” என்று பவுல்சாமி சொல்லியிருந்தான். சரி என்று பாஷாவும் விட்டுவிட்டான்.

புதன்கிழமை பகல் படகுக்காரன் ஒருவன் கட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டான்.

“காலைல ரெண்டு பேரும் ஜோரா நின்னுக்கினு இருந்தீங்களே. மீன் இன்னா ஆச்சு?”

“எங்கே?”

“இடிஞ்ச படியாண்டதான். தலைல கோணி போட்டுக்கினு. மாத்தி மாத்தி வீசினீங்களே.”

பாஷா அன்று காலையில் ஆற்றுப் பக்கமே போகவில்லை.

அவன் கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று முழுக்க ஒரே நினைப்பு. பவுல்சாமிக்குப் புதுக் கூட்டாளி கிடைத்துவிட்டான். யாராவது பங்களா ஆளாக இருக்கும். விருந்து வேலை என்று சொன்னது அதற்காகத்தான். அந்த இறகுக் கொக்கிக்கு மினுமினுப்பு வேண்டும் என்று பாஷாவின் மனைவி சகினா தன் கல்யாண முந்தானையிலிருந்து ஜரிகை பிரித்துக் கொடுத்திருந்தாள். அதையும் சேர்த்து எவனோ ஒருவன் கையில் கொடுத்திருக்கிறான்...

கையும் களவுமாகப் பிடிப்பது. கோலை முழங்காலில் வைத்து முறிப்பது. பதினோரு வருஷத்தை அங்கேயே ஆற்றில் போட்டுவிட்டு வருவது. அப்படி முடிவு செய்துதான் படுத்தான்.

நோன்பு பிடிக்கச் சஹர் சாப்பிட்டு முடித்தபோது நாலரை. “தொழுதுட்டுப் போங்களேன்” என்றாள் சகினா. கரையிலேயே தொழுதுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கோணிப்பையின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினான். கச்சேரி ரோட்டு மசூதிக் கடிகாரத்தில் நாலு ஐம்பது. மாட வீதிப் பக்கம் பஜனை ஜால்ரா கேட்டது. ஐந்தே காலுக்குப் பாங்கு சத்தம் முதுகுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் நிற்கவில்லை.

எல்பின்ஸ்டன் பாலத்துக்குக் கிழக்கே, வடகரையில் அந்த இடிந்த படி. போய்ச் சேரும்போது ஐந்தரை இருக்கும். ஒரே பனி. பாலம் தெரியவில்லை. எதிர்க்கரை தெரியவில்லை.

ஆனால் ஆள் தெரிந்தான்.

தலையில் கோணி. கையில் கோல். முழங்கால் தண்ணீரில், கீழ்ப்படி ஒன்றில் நின்று வீசிக்கொண்டிருந்தான். பவுல்சாமியின் உயரம்தான். பாஷா தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அந்த இன்னொருத்தன் வரட்டும் என்று காத்திருந்தான். சும்மா இருப்பானேன் என்று வீச்சுகளை எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று...

நன்றாக வீசினான். பவுல்சாமி இவ்வளவு நன்றாக வீசி அவன் பார்த்ததில்லை. ஒரு வீச்சுகூடப் புதரில் மாட்டவில்லை.

ஐந்தாவதில்தான் ஒன்று உறுத்தியது. நூல் காற்றில் போகும்போது ‘விஷ்’ என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை.

வற்று நேரம். தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. படியைச் சுற்றிச் சுழி போட்டது. அவன் காலைச் சுற்றி மட்டும் ஒரு கோடு இல்லை.

எட்டு... ஒன்பது... பத்து.

பத்து முடிந்ததும் அவன் கோலை இடது பக்கம் நீட்டினான்.

அங்கே யாரும் இல்லை.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஒன்பது அடிக் கோல், நூல் சுற்றும் உருளையோடு. பாஷா பாரம் தெரிந்தவன். அதை நீட்டிய கையில் அரை நிமிஷத்துக்கு மேல் யாரும் பிடிக்க முடியாது, நடுங்கும். இது நடுங்கவில்லை. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

என்னைப் பார்த்துவிட்டான், கிண்டல் செய்கிறான் என்று பாஷாவுக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து படியிறங்கினான்.

“இன்னா நைனா, புது ஆளு வர்லியா இன்னிக்கி?”

அவன் முகம் கோணிக்குள் இருந்தது. பாஷா கோலைப் பிடுங்கினான். முறிக்கத்தான் பிடுங்கினான். பிடி ஜில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறினது மாதிரி, அழுத்தினால் நீர் கசிந்தது.

முறிக்கவில்லை. பழக்கம். கோல் கைக்கு வந்ததும் கை தானாகத் தலைக்குமேல் போனது. அவன் பின்னால் நகர்ந்து நின்றான். பாஷா வீசினான்.

அந்த வீச்சு! ஆறு வருஷத்தில் அப்படி விரிந்ததில்லை. நூல் பனிக்குள் நேராகப் போய் மறைந்தது. இன்னொன்று வீசினான். அதுவும் அப்படியே. ஆத்திரம் மறந்தது. பவுல்சாமி மறந்தான். நோன்புப் பட்டினிகூட மறந்தது. ஏழாவது வீச்சில் ‘களக்’ என்று ஒரு கொடுவா எழும்பி, ஜரிகை இறகைக் கவ்வி, நூலைப் பத்து முழம் இழுத்துக்கொண்டு ஓடி...

விட்டுவிட்டது.

“சே” என்றான் பாஷா.

பின்னால் எண்ணும் குரல் கேட்டது. “சாத்.”

ஏழு. சரிதான். மறுபடி வீசினான்.

“ஆட்.”

எட்டு. சரிதான்.

அப்புறம்தான் உறைத்தது.

அவன் வீட்டில் பேசுவது உருது. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற எண்ணிக்கை. அதனால்தான் வித்தியாசமாகவே படவில்லை. ஆனால்...

பவுல்சாமிக்கு உருது தெரியாது.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து வரவில்லை. கை மட்டும் போனது. தலைக்குமேல். முன்னால்.

“நௌ.”

குரல் காதோடு இருந்தது. மூச்சு இல்லை.

இறகு விழுந்த இடத்தில் எதுவோ பிடித்தது.

மீன் வெட்டி வெட்டி இழுக்கும். இது வெட்டவில்லை. நிதானமாக, கைமாற்றிக் கைமாற்றி... படகுக் கயிற்றை ஆள் இழுப்பானே, அந்த இழுப்பு.

ஒரு படி இறங்கிவிட்டான்.

இன்னொரு படி.

‘டாங்’.

சாந்தோம் கோயில் மணி. ஆறு.

கையை விட்டான். கோல் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. சத்தமே இல்லை.

திரும்பினான்.

யாரும் இல்லை.

ஓடினான்.

பாலத்து முனையில் பவுல்சாமி எதிரே வந்தான். பங்களாவுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு, சாந்தோமிலிருந்து நேராக. சட்டை, வேட்டி எல்லாம் காய்ந்திருந்தன. பாஷாவைப் பார்த்ததும் அவன்தான் முதலில் தலையைக் குனிந்தான்.

“தப்புதான் பாய். நேத்து உன்னை உட்டுட்டுத் தனியா வந்தது தப்புதான். ஒரு வாரமா கை அரிச்சிக்கினு இருந்துச்சி. அதுக்குன்னு நீ ஒரு வார்த்தை பேசாம போனா எப்டி?”

“எவன்டா பேசாம போனது?”

“நீதான். கோணியப் போட்டுக்கினு வந்து பக்கத்துல நின்னே. பத்து முடிஞ்சி குடுத்தேன், வாங்கிக்கினே. ஆறு மணி அடிச்சிது, எனக்கு டூட்டி, கோலை உன் கைல உட்டுட்டு ஓடியாந்தேன். பத்திரமா கீதா அது?”

பாஷா படியில் நடந்ததைச் சொல்லி முடித்தான். பவுல்சாமி அவன் இடுப்பில் கை கொடுத்துப் பங்களாவின் பின்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தான். காப்பியைக் கொண்டுவந்து, நோன்பு என்று ஞாபகம் வந்து, திரும்ப எடுத்துப்போனான். அங்கே பெருக்குகிற ஜானு இருபது வருஷமாக அந்தப் பங்களாவில் இருக்கிறவள். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அந்தக் கோலா? அதையா இத்தினி நாளா வெச்சிக்கினு இருந்தீங்க?”

“துரை குடுத்ததுக்கா.”

“அவரு ஏன் குடுத்தாருன்னு நெனைச்சே? வீட்ல வெச்சிக்க முடியல, குடுத்தாரு.”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் துரையோடு மீன் பிடிக்கப் போகிற ஆள் ஒருத்தன் இருந்தானாம். திருவல்லிக்கேணிக்காரன், குலாம் ரசூல். துரை பத்து, அவன் பத்து. ஒரு நாள் காலை அவன் முறை. ஒன்பதாவது வீச்சில் எதுவோ இழுத்தது. ‘விட்டுடு’ என்று துரை கத்தியிருக்கிறார். துரையின் கோல், போனால் வேலை போகும் என்று அவன் விடவில்லை. கோலோடு போய்விட்டான். மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் ஒதுங்கினான். கோல் கையிலேயே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்களாம். அவனைப் புதைத்தார்கள். கோலுக்கு வார்னிஷ் அடித்தார்கள்.

கிளம்பும்போது பவுல்சாமி பாஷாவின் கையைப் பிடித்தான். “இனிமே அந்தப் பக்கமே வாணாம் பாய். ரெண்டு பேருக்கும் வாணாம்.” பாஷா தலையாட்டினான். அந்தப் பிடி சூடாக இருந்தது. அது போதும் என்று அவனுக்குத் தோன்றியது. கோல்தான் தண்ணீரோடு போய்விட்டதே.

அன்று முழுக்கக் கட்டை இறக்கினான். மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தான். நோன்பு திறக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது. சகினா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வாசல் மூலையில் அந்தக் கோல் சாய்ந்து நின்றது. அதன் அடியில் தரை முழுக்க ஈரம். கொக்கியில் ஜரிகை இறகு.

“உங்க கூட்டாளி சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துல வந்து குடுத்துட்டுப் போனாரு” என்றாள் சகினா. “திரைக்கு அந்தாண்டையே நின்னாரு. தலைல கோணி. பாவம், தொண்டை கட்டியிருக்கு போல, தண்ணிக்குள்ளேருந்து பேசற மாதிரி இருந்துச்சு.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணு பாக்கி இருக்கு, வந்து வீசச் சொல்லுங்கன்னாரு.” அவள் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். “ஆமா, இவ்ளோ சுத்தமா நம்ம பாஷை பேசறாரே... பவுல்சாமி எப்போ உருது கத்துக்கினாரு?”