சைக்கிளின் பின்னால் ஒரு தையல் மெஷின்

ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் வீட்டில் துணி காயப்போட ஒரு கம்பி கட்டினாலும் அதில் யானையைக் கட்டலாம். பூனா பக்கம் கிர்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க இதே கதைதான். ஒருவன் ஸ்டூல் செய்தால் அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அதனால், எழுபதுகளின் கடைசியில், சைக்கிளுக்குப் பின்னால் இழுக்க ஒரு வண்டி செய்யப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் மனைவி முதலில் கேட்டது, "அதை இழுக்க லாரி வாங்கணுமோ?" என்றுதான்.

வண்டி அவளுக்காகத்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். வீட்டை விட்டால் கோயில், கோயிலை விட்டால் வீடு. நான் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு ஊர் முழுக்கப் பழக்கம். அவளுக்குத் தெரிந்த ஊர் நான் மட்டும்தான். மாதாகோயில் ஹாலில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவள் இரண்டு தடவை தலை சீவிக்கொண்டாள். சிஸ்டரைப் போய்ப் பார்த்தோம். வேலை உண்டு, ஆனால் டீச்சர் தன்னுடைய மெஷினைக் கொண்டுவர வேண்டும் என்றார். ஹாலுக்குச் சரியான பூட்டு இல்லை, அங்கேயே விட்டுவிட்டும் வர முடியாது.

அவளிடம் இருந்தது இரும்பு ஸ்டாண்டோடு கூடிய கால் மெஷின். தினமும் டாங்கா வைத்தால் அவள் சம்பளம் மொத்தமும் குதிரைக்குத்தான். ஆக, வண்டி உண்டென்றால் வேலை உண்டு. "அடுத்த திங்கட்கிழமை வகுப்பு தொடங்கணும். வர முடியலேன்னா முன்னாடியே சொல்லிடுங்க, வேற ஆள் பார்க்கணும்" என்று சிஸ்டர் சிரித்தபடியேதான் சொன்னார். வழியெல்லாம் அவள் விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம். பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் குழந்தைகள் சைக்கிளின் சக்கரங்கள் இரண்டும் ஆங்கிள் இரும்பும் பொறுக்கினேன். எங்கள் வரிசையிலேயே குடியிருந்த வெல்டர் நண்பன் பற்றவைத்துக் கொடுத்தான். அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலை நேரம் முழுக்க எனக்கே. சைக்கிளையும் வண்டியையும் சேர்க்கும் இடத்தில்தான் என் சாமர்த்தியம் எல்லாவற்றையும் காட்டினேன். ஃபாக்டரிக்குள் டிராக்டர் டிராலி இழுப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதே மாதிரி ஒரு கொக்கி, கீழே ஒரு கனமான பின். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழகாகத் திரும்பியது. நண்பன் அதைத் தட்டிப் பார்த்து, "இது நம்ம பேரன் காலத்துக்கும் வரும்" என்றான்.

சனிக்கிழமை காலை மெஷினை ஏற்றப் போனேன். அவள் விடவில்லை.

"முதல்ல கோதுமையை ஏத்துங்க. எப்படியும் மில்லுக்குப் போவணும்லா."

ரேஷன் கோதுமை மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் பின்னால் நடந்து வந்தாள். நேர்ச் சாலையில் ராஜாபோலப் போனேன். மாவு மில் திருப்பத்தில் ஹாண்டிலை ஒடித்தபோது சைக்கிள் சாய மறுத்தது. பின்னால் இருந்த இரும்பு அதை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் சாயவில்லை, நான் சாய்ந்தேன். எனக்குப் பின்னால் வண்டியும் ஒரு சக்கரத்தைத் தூக்கிப் படுத்தது. மூட்டை வாய் திறந்து கோதுமை தெருவெல்லாம் ஓடியது. டிராக்டர் திரும்பும்போது சாயாது, சைக்கிள் சாயும். இத்தனை வருஷம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

முட்டியில் தோல் போயிருந்தது. அதைவிட, அவள் மில்லில் ஒரு முறம் வாங்கிவந்து, குனிந்து கோதுமையை வாரியதுதான் எனக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

"சிஸ்டர்கிட்ட வரலேன்னு சொல்லிருதேன். மெஷின் விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. இன்னும் கனமான பின் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த லட்சணத்தில்தான் இருந்தது என் யோசனை.

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள். "சைக்கிள் சாயணும், வண்டி சாயக் கூடாது. அம்புட்டுதான?"

"ஆமா."

"அப்போ நடுவுல எதுக்கு இரும்பு? கக்கத்துல தளர்ச்சி விடாம சட்டை தைச்சா கையைத் தூக்க முடியுமா? கையைத் தூக்குனா சட்டையே கூட வரும்."

அவளுக்கே அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். மில்லில் மோட்டாரிலிருந்து அரைக்கும் கல்லுக்கு ஓடுகிற பட்டை பெல்ட், தேய்ந்து போனது ஒன்று, சுவரோரம் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். மராட்டி பேச வராது, போய் நின்று, அதைக் கையால் காட்டி, இரண்டு விரல் கத்தரிபோல வெட்டிக் காட்டி ஒரு துண்டு கேட்டாள். மில்காரர் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். ரப்பரும் கேன்வாஸும் சேர்ந்த பெல்ட், முறுக்கினால் வளைந்து கொடுக்கும், இழுத்தால் நீளாது. என் அருமையான கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு, அந்தத் துண்டை இரண்டாக மடித்து அதே இடத்தில் நட்டு போட்டு முறுக்கினேன். கூடவே ஒரு சங்கிலியும் கட்டினேன். சும்மா விட மனசு வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி கோதுமை, அதே திருப்பம். சைக்கிள் சாய்ந்தது, வண்டி நிமிர்ந்தே வந்தது. திங்கட்கிழமை மெஷின் போயிற்று. அந்த வாரமும் எனக்கு இரண்டாம் ஷிப்ட்தான். தினமும் காலையில் கொண்டுபோய் இறக்குவேன், வகுப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்துவிட்டு ஃபாக்டரிக்கு ஓடுவேன். வாழ்க்கையில் இவ்வளவு உபயோகமாக நான் இருந்ததே இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை.

அதற்கடுத்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். விடிந்ததும் உள்ளே போனால் மதியத்துக்கு மேல்தான் வெளியே விடுவார்கள். ஷிப்ட் மாறும் என்பதை வண்டி செய்த ஆனந்தத்தில் நான் நினைக்கவே இல்லை. ஞாயிறு மாலை தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "சைக்கிளை வச்சிட்டுப் போங்க. நான் தள்ளிக்கிட்டுப் போவேன்."

"தனியா எப்படித் தள்ளுவே?"

"தனியாவா?"

சிரித்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடப் போனாள். திங்கட்கிழமை நடந்து வேலைக்குப் போனேன். அன்று என் கை மட்டும்தான் வேலை பார்த்தது. கோயிலுக்குப் போகிற வழியில் பஜார் மேட்டில் வண்டி பின்னால் இழுக்குமே, சைக்கிள் சரிந்தால் என்ன செய்வாள் என்று அதிலேயே இருந்தேன். சைரன் ஊதியதும் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

மேட்டில் நின்று நின்று ஏறியதில் நேரமாகியிருக்க வேண்டும், எங்கள் தெரு முனையில் அவர்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளினாள். மராட்டிக்காரப் பெண்கள் மூன்று பேர், அவளிடம் படிக்கிறவர்கள், பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேசியது யாருக்குப் புரிந்தது என்று தெரியாது, சிரிப்பு மட்டும் ஒன்றாக வந்தது. மெஷின் மேல் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகள்.

நான் ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடிக்கக் கை நீட்டினேன். "விடுங்க, நீங்க வேலை பார்த்துட்டு அலுப்பா வந்திருப்பீங்க" என்று விலகிப் போனாள். அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை போனவன் மாதிரியும் கொஞ்சம் இருந்தது. காலி டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன்.