இடது பக்கத்தில் நின்றவன்

கெல்சென்கிர்ச்சனில் எங்கள் மேல்மாடியில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா தனியாக இருந்தார். அவருடைய தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். ஒருநாள் சுவரிலிருந்த படம் என்னை நிறுத்திவிட்டது. வெற்றுடம்போடு கைமுட்டிகளை உயர்த்தி நிற்கும் ஓர் இளைஞர்.

"என் அப்பா. குத்துச்சண்டை சாம்பியன்," என்றார்.

அதன்பிறகு போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. திருவிழாக் கூடாரங்களில் காசுக்குச் சண்டைபோட்டுப் பழகி, முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு பட்டம் வென்றவர். பிறகு ஒரு சண்டையில் அவருடைய இடது கண் மங்கிப்போனது. அது பயிற்சியாளருக்கு மட்டும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து அடி வரும்போது பயிற்சியாளர் மேடை மூலையில் நின்று "இடது!" என்று கத்துவார். அந்தக் குரலை நம்பியே அப்பா பட்டத்தைக் காப்பாற்றினார். கடைசிச் சண்டையில் பயிற்சியாளர் வாயே திறக்கவில்லை. எதிராளியின் ஆட்கள் அவரைக் காசுகொடுத்து வாங்கிவிட்டிருந்தார்கள். அப்பா விழுந்தார். பிறகு சாகும்வரை தெருமுனையில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார்.

எனக்கும் இடது கண்தான் மங்கல். பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன், யாரையும் இடித்ததில்லை. கண் விஷயம் கூட வேலைசெய்த ஊர்க்காரத் தம்பிக்கு மட்டும் தெரியும். மத்தியானம் இருவரும் ஒரே பெட்டிச் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவோம். வருடாந்தக் கண் பரிசோதனைக்கு அவன்தான் முதலில் போவான். வெளியே வந்து, சுவரிலிருக்கும் அட்டையின் அடி வரிகளில் உள்ள இலக்கங்களைத் தமிழில் சொல்லுவான். நான் பாடமாக்கிக்கொண்டு உள்ளே போவேன்.

அந்த வருடம் இனி ஒரு வண்டிதான் ஓடும், ஓட்ட ஒருவர் போதும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். பரிசோதனைக்கு இருவரும் போனோம்.

"அஞ்சாம் வகுப்போடை விட்ட படிப்பை இஞ்சைதான் முடிக்கிறியள், அண்ணை," என்று சிரித்துக்கொண்டே இலக்கங்களைச் சொன்னான்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்புவித்தேன். தாதி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் ஒரு இலக்கமும் அங்கே இல்லை.

வண்டி அவனுக்குக் கிடைத்தது. எனக்குப் பெட்டி அடுக்கும் வேலை.

"மாறிச் சொல்லிப்போட்டன் போலை, அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

"ஓம்," என்றேன்.

அன்று பின்னேரம் போத்தல்களை வைத்துவிட்டு, முதல்தடவையாக நானே கேட்டேன். "உங்கள் அப்பா அந்தப் பயிற்சியாளரோடு பிறகு கதைத்தாரா?"

"ஒரே தெருவில்தானே இருந்தோம். தினமும் வணக்கம் சொல்லுவார். ஆனால் அந்த ஆளைத் தன் இடது பக்கத்தில் நிற்க விட்டதே இல்லை."

அடுத்த நாள் மத்தியானம் தம்பி வழக்கம்போல என் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவன் என் வலது பக்கம் வரும்படி உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணை, அங்கை போறியள்?"

"இஞ்சையிருந்தால் உன்னை வடிவாத் தெரியுது," என்றேன்.

அவன் சோற்றைப் பிரிக்கவில்லை.