இமெல்டா மிஸ்ஸின் சம்பளக் கணக்கு

"வீட்டுக்காரர் பொலிஸ் பதிவுக்கு ஒப்பம் வைப்பாரோ, இல்லாட்டி நாளைக்கு, நாளைக்கு எண்டு இழுப்பாரோ?"

நேர்முகப் பரீட்சையில் இமெல்டா மிஸ் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வாடகைக்கு இருக்கும் தமிழரைப் பொலிஸில் பதியாவிட்டால் பிடித்துக்கொண்டு போகும் காலம். எதிரே இருப்பவர் மூன்று நான்கு கணினி மொழிகளைப் பாடமாக்கிக்கொண்டு, பழக்கமில்லாத டை கழுத்தை நெரிக்க, வியர்வையோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய சான்றிதழ்க் கோப்பை இமெல்டா மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். அதைப் பார்க்க, உள்ளே மென்பொருள் எழுதும் நஸீறா இருக்கிறாள். இவர் அறிய வேண்டியவை வேறு. எந்தத் தெரு, எந்த ஒழுங்கை? அறையில் எத்தனை பேர்? இரவுச் சாப்பாடு கடையிலா, வீட்டுக்கார அம்மாவின் கையாலா? பஸ்ஸில் இறங்கி நடக்கும் வழியில் சோதனைச் சாவடி இருக்கிறதா? எல்லாம் கேட்டு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு தொகையைச் சொல்வார். அதுதான் சம்பளம். பேரம் பேசிப் பார்த்தவர்கள் உண்டு. வென்றவர் யாருமில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அந்தக் கம்பனி தலைநகரில் தமிழர் நெருங்கி வாழும் வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துப் புடவைக்கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் முகவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். முதல் போட்டவர் பௌஸி நானா. பொரளையில் டயர் கடை வைத்திருப்பவர். கணினியை நிறுத்தத் தெரியாமல் வயரைப் பிடுங்கி நிறுத்தியவர். எழுதுகிறவர்கள் இளம் பிள்ளைகள். யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பதெல்லாம் இமெல்டாவின் ஆட்சி. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டாமல் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கப்பல் கந்தோர் ஒன்றில் கூலிக் கணக்குப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். வெளிநாட்டில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெள்ளவத்தையில் அப்படிப்பட்ட ஆளைக் காண்பது அபூர்வம்.

வாடகையைப் பற்றி அவரோடு வாதாட வேண்டாம். "இங்க வாடகையைத் தீர்மானிக்கிறது வீட்டுக்காரரில்லை, கனடாவில இருக்கிற அண்ணன்" என்பார். உண்மைதான். வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் லொட்ஜுகளையும் மேல்மாடி அறைகளையும் நிறைத்திருந்தன. வெளிநாட்டுக் காசு, கேட்ட வாடகையை மூச்சுக் காட்டாமல் கொடுத்துவிடும். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளை அந்தக் காசோடு மல்லுக்கட்ட வேண்டும். நுகேகொடைப் பக்கம் தள்ளிப் போனால் வாடகை பாதிதான். ஆனால் போக மாட்டார்கள். போகச் சொல்ல இமெல்டாவுக்கும் மனம் வராது. எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது அவருக்கு இருபத்தைந்து வயது. தெரிந்த முகம் இல்லாத தெருவில் தனித் தமிழ் வீடாக இருப்பது என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுக்கவும் மாட்டார். வாடகை நேரே வீட்டுக்காரருக்குப் போகும். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்கான காசு கடைக்குப் போகும். மாத முடிவில் பிள்ளைகளின் கைக்கு வருவது சொற்பம். "மிஸ் எங்களை நேர்சரிப் பிள்ளையள் எண்டு நினைச்சிருக்கிறா" என்று முணுமுணுப்பார்கள். கஞ்சத்தனத்துக்காகக் கசவாரம் என்று பட்டமும் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் வேறு. ஊரிலுள்ள மற்றக் கம்பனிகள் ஆட்களை நிறுத்திவைப்பதற்காகச் சம்பளத்தைக் கூட்டின. இமெல்டா கண்டது அதன் தலைகீழ். இங்கே சம்பளம் கூடினால், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டிய காசு சீக்கிரமாகச் சேர்ந்துவிடும். கம்பனி தொடங்கிய புதிதில் தாராளமாகத்தான் கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் காணாமற் போனார்கள். ஒருவன் மொஸ்கோவிலிருந்து கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினான். மற்ற இருவரிடமிருந்து அதுவும் இல்லை. அன்றோடு கையை இறுக்கிக்கொண்டார்.

"கூடக் குடுத்தாப் பறந்திடுவினம், குறையக் குடுத்தாப் பட்டினி கிடப்பினம். ரெண்டுக்கும் இடையில ஒரு கம்பி இருக்கு. நான் அதில நடக்கிறன்."

அந்தக் கம்பியில் அவர் தடுக்கியதும் உண்டு. நஸீறா கொலன்னாவையில் தாய் தகப்பனோடு இருப்பவள். வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். ஆகவே அவளுக்குக் குறைவாக நிர்ணயித்திருந்தார். ஒருநாள் அவள் நேரே அறைக்குள் வந்து நின்றாள். "மிஸ், அவங்க எழுதுறதும் நான் எழுதுறதும் ஒரே கப்பலுக்குத்தானே? எனக்கு வாப்பா ஈக்கிறது என்ட குத்தமா?" இமெல்டா அன்று முழுக்கச் சம்பளப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக வந்தது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். "வாப்பாட்டச் சொல்லும், இனி உம்மட்ட வாடகை அறவிடச் சொல்லி" என்றார், அவ்வளவுதான்.

அரசாங்கம் கணினிக் கம்பனிகளுக்குச் சலுகை கொடுக்கிறது என்று அந்த நாட்களில் பத்திரிகைகள் எழுதின. பதிவு செய்து அங்கீகாரம் பெற்றால் சில வருடங்களுக்கு வரி இல்லை. இமெல்டா அந்தப் பத்திரிகைத் துண்டை பௌஸி நானாவின் முன்னால் வைத்தபோது அவர் தாடியைச் சொறிந்தார்.

"லாபம் வந்தாத்தானே இமெல்டா வரி? நாம இன்னும் போட்ட சல்லியையே காணல்ல. பதியிறதுக்குக் காசு, ஓடிட்டருக்குக் காசு. அதுக்கு மேல, கொம்பியூட்டர் வேலைக்குப் பத்துப் பேர் குறையாம ஈக்கணுமாம். ஒராள் குறைஞ்சாலும் தர மாட்டாங்க. இது நமக்கு என்னத்துக்கு?"

"வரியை விடுங்கோ நானா. அங்கீகாரம் கிடைச்சா, அரசாங்க முத்திரையை எங்கட ஆக்களின்ர அடையாள அட்டையில போடலாமோ?"

பௌஸி நானா தாடியிலிருந்து கையை எடுத்தார். அதற்கு முந்திய மாதம் நடந்தது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும். மயூரதன் என்று ஒரு பிள்ளை. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சி ஊர். கம்பனியின் மூளை என்று நஸீறாவே ஒப்புக்கொள்ளும் ஆள். வேலை முடிந்து போகும்போது வழியில், சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். கம்பனி அட்டையை நீட்டியிருக்கிறான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொலிஸ்காரன், "மே மொன கொம்பனியக்த?", இது என்ன கம்பனி என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். பௌஸி நானா தன் சிங்களத்தையும் தெரிந்தவர்களின் பெயர்களையும் காட்டி மயூரதனை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

இமெல்டாவின் கணக்கு அதுதான். லாபமில்லாத கம்பனிக்கு வரிச்சலுகை சல்லிக்காசு பெறாது. ஆனால் அரசாங்க முத்திரையைக் கண்டால் சாவடியில் நிற்பவனின் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் ஒன்றே ஒரு பிள்ளை வீடு போய்ச் சேரப் போதும். சம்பளத்தால் வாங்க முடியாததை இந்தச் சலுகையால் வாங்கலாம் என்று அவர் நம்பினார். பௌஸி நானா போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அலைந்தது அவர்தான், இமெல்டா அந்தக் கந்தோர்ப் படியை மிதித்ததில்லை. எல்லாம் சரி, ஓர் அதிகாரி நேரில் வந்து பத்துப் பேர் வேலை செய்வதைப் பார்த்தால் முடிந்தது என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கம்பனியில் எழுதுகிறவர்கள் சரியாகப் பத்துப் பேர் இருந்தார்கள், மயூரதனோடு சேர்த்து.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மயூரதன் அறைக் கதவைத் தட்டினான்.

"மிஸ், ஆறு மாதச் சம்பளத்தை முன்பணமாத் தர ஏலுமோ? வாடகைக் காசையும் என்ர கையிலயே தாங்கோ."

இமெல்டா வழக்கம்போலத் தொடங்கினார். "வாடகை கூடிட்டுதோ?"

"இல்லை மிஸ்."

"சாப்பாடு?"

"அதேதான்."

"வருத்தம், காய்ச்சல் ஏதும்?"

"இல்லை."

"அப்ப இவ்வளவு எதுக்கு?"

"அம்மாவுக்கு அனுப்ப."

வடக்கே போகும் பாதையைப் போர் மூடி மாதக்கணக்காகிவிட்டது. வட்டக்கச்சிக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அவன் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை அந்த மனுசன் ஆக்களை எண்ண வாறார், தம்பி. பிறகு எல்லாருக்கும் முத்திரையோட அட்டை வரும். உமக்கும்தான்."

மயூரதன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"என்னோட அறையில இருந்தவன் போன கிழமை கடைக்குப் பாண் வாங்கப் போனவன் மிஸ். இன்னும் வரேல்லை. அவன் அரசாங்க உத்தியோகம். அவன்ர அட்டையில முத்திரை இருந்தது." குரலைத் தாழ்த்தினான். "நேற்று வாசல்ல ஒரு வெள்ளை வான் வந்து நிண்டு, அதில வந்தவங்கள் என்ர பேரைச் சொல்லி விசாரிச்சவங்களாம்."

எத்தனையோ பேருடைய வாழ்க்கைச் செலவை அந்த மேசையில் வைத்துக் கூட்டிக் கழித்தவர் இமெல்டா. இதற்கு ஒரு தொகை சொல்ல அவரால் முடியவில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவன் மேல் கோபம், பாண் வாங்கப் போனவன் மேல் கோபம், ஒரு முத்திரையை நம்பி மாதக்கணக்காய்க் கனவு கண்ட தன் மேல் எல்லாவற்றையும்விடக் கூடக் கோபம். வெளியே கண்ணாடிக்கு அப்பால் மற்ற ஒன்பது பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவன் போனால் அவர்களுக்கும் அட்டை இல்லை. செவ்வாய் வரைக்கும் நில்லும் என்று கேட்கலாம். நாலு நாள்தான். அந்தச் சொல் அவருடைய வாய்வரை வந்துவிட்டது. நாலு நாளில் ஒரு வான் எத்தனை முறை வரலாம் என்று நினைத்தார். காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

பௌஸி நானாவைக் கேட்காமலே காசோலையை எழுதினார். கேட்டதற்கு மேல் இன்னும் இரண்டு மாதச் சம்பளம் சேர்த்திருந்தார். ஒரு பார்சல் காசையும் விடாதவர், அந்த மாதச் சாப்பாட்டைக் கழிக்கவில்லை.

"நல்ல தடிப்பான சுவெட்டர் ஒண்டு வாங்கும்" என்றார். "அம்மாவுக்குக் குளிரும்."

மயூரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காமலிருக்க அந்த ஊரில் எல்லோரும் பழகியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டதாகக் கீழே இருந்து பௌஸி நானா தொலைபேசியில் சொன்னார். ஆள் குறைந்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. சொல்ல இமெல்டாவுக்கு வாய் வந்திருக்கவில்லை.

இமெல்டா தன் அறை வாசலில் வந்து நின்றார். ஒன்பது முகங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன. மயூரதனின் கணினி இருண்டிருந்தது. கப்பல் கந்தோரில் இல்லாத கூலியாட்களின் பெயரை எழுதிக் காசெடுப்பது அங்கே மேலே இருந்தவர்களுக்கு வழக்கம். ஒரு பெயரைக்கூட எழுத மாட்டேன் என்று சண்டை பிடித்து, கடைசியில் அந்த வேலையையே விட்டுவிட்டு வந்தவர் இவர். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்கு அப்படியொரு பொய் அதுவரை அவரிடம் இருக்கவில்லை.

படிக்கட்டில் பாதணிச் சத்தம் கேட்டது. பௌஸி நானா சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டுச் சிரிப்பதும் கேட்டது.

இமெல்டா நடந்து போய் மயூரதனின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நஸீறா எட்டிக் கணினியை இயக்கி, வெறும் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்துவிட்டாள். கதவு திறந்தது. பௌஸி நானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அதிகாரி விரலை நீட்டி முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். இமெல்டா தலை நிமிரவில்லை. கன்னியாஸ்திரிமாரிடம் தட்டச்சுப் படித்த பத்து விரல்களும் ஓடின. புரோகிராம் ஒரு வரியும் அறியாதவர், பாராமல் அடிக்கத் தெரிந்த ஒன்றேயொன்றை, மரியன்னையின் செபத்தை, ஆங்கில எழுத்துகளில் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.