ஒரு வீட்டுக்கு ஒரு யூனிஸ்

யூனிஸ் டீச்சரிடம் யாராவது பெயர் கேட்டால், சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிற்பார். அந்த இரண்டு விநாடி எதிராளிக்கு. "அழகான பேரு" என்று பாராட்டுவதற்கோ, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதற்கோ அது போதும். கேஸ் ஏஜென்சி, ரேஷன் கடை, பல் டாக்டர் என்று அறுபத்திரண்டு வருஷமாகத் தாம்பரத்தில் எல்லாரும் இரண்டாவதைத்தான் செய்தார்கள். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, தன் பெயர் மட்டும் ஊரில் இரண்டு மடங்கு ஒலிப்பதாக வைத்துக்கொண்டார்.

பெயர் வந்த கதை சின்னது. அப்பா தனசிங் ரயில்வே குமாஸ்தா. பிரசவம் பார்த்த வெள்ளைக்கார நர்ஸம்மாவின் பெயரை நன்றிக்கடனாக மகளுக்கு வைத்தார். நர்ஸம்மா மறு வருஷமே கப்பலேறிவிட்டார். பெயர் கிழக்குத் தாம்பரத்தில் தங்கிவிட்டது.

தங்கிய பெயரைச் சும்மா விடுவார்களா? அம்மாவுக்கு அது யூனி. அண்ணன் மோகன்ராஜுக்கு நீசு. கல்லூரி விடுதியில் நைஸ். இருபத்தோராவது வயதில் டீச்சர் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் ரத்து செய்தார். "மொத்தமே மூணு எழுத்து. இதுல எதை எடுத்துட்டு எதைக் கூப்பிடப் போறீங்க?" பல்லாவரத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, கேசரியைக் கையில் வாங்கும்போதே "தேங்க்ஸ் யூனிம்மா" என்றாராம். சம்பந்தம் கேசரியோடு முடிந்தது. டீச்சருக்குக் கல்யாணம் ஆகாததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அவர் சொல்வது இது ஒன்றைத்தான்.

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி அபி டீச்சருடையது. திருநீர்மலையிலிருந்து வரும் தமிழ் டீச்சர். திருவண்ணாமலை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் முழுப் பெயர் அபிதகுஜாம்பாள். ஓய்வு பெறும் வரை அந்தப் பெயரை முழுசாக எழுத இடம் உள்ள படிவம் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை.

"பேருன்றது பட்டுப்புடவை மாதிரிடீ. விசேஷத்துக்குக் கட்டலாம். தெனம் கட்டிக்கிட்டு பஸ் ஏற முடியுமா?" என்பார் அபி.

"உனக்குப் பட்டுப்புடவை. எனக்கு இருக்கறது கர்ச்சீப். அதையும் கிழிக்கச் சொல்றியா?"

இந்த வாதம் முப்பது வருஷம் நடந்தது. இருவரும் ஜெயித்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் அண்ணனுக்குப் பெண் பிறந்தது. தங்கை பெயரையே வைக்க ஆசைப்பட்டார் மோகன்ராஜ். டீச்சர் ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: "ஒரு வீட்டுக்கு ஒரு யூனிஸ் போதும்." பதிலுக்கு பைபிளில் யோபுவின் இரண்டாம் மகள் பெயரைத் தேடிக் கொடுத்தார். அப்படித்தான் குழந்தை கெசியா ஆனாள். அண்ணன் இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. டீச்சருக்குத் தன் வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போய் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்த வாக்கியங்களில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரே ஒரு குறை மட்டும் அவருக்கு இருந்தது. "பைபிள்ல இல்லாத பேரு" என்று சபையில் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. தீமோத்தேயுவின் தாய் யூனிஸ்தான். ஆனால் தமிழ் வேதாகமத்தில் அந்த அம்மாள் ஐனிக்கேயாள் என்று அச்சாகியிருக்கிறார். ஐனிக்கேயாளும் யூனிஸும் ஒரே ஆள் என்று டீச்சர் எத்தனை முறை சொன்னாலும், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாரமும் இல்லை என்பார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற தெம்பில், தமிழ் பைபிள் ஒன்றும் இங்கிலீஷ் பைபிள் ஒன்றும் எடுத்துக்கொண்டு ஆயர் சுந்தர்சிங்கைப் போய்ப் பார்த்தார். ஆயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அசந்துபோனார். அந்த வருஷம் அன்னையர் தினப் பிரசங்கம் முழுக்க யூனிஸ். நாற்பது நிமிஷம். டீச்சர் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அவருக்குப் பின்னால் கர்ப்பிணிகளும் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சின்னப் பெயர், வேதத்திலும் இருக்கிறது, பாஸ்போர்ட்டிலும் அடங்கும். அந்த ஆகஸ்டில் முதல் யூனிஸ் ஞானஸ்நானம் பெற்றாள். கிறிஸ்துமஸுக்குள் இன்னொருத்தி. மூன்று வருஷத்தில் ஞாயிறு பள்ளியிலும் தொட்டிலிலுமாக நான்கு குட்டி யூனிஸ்கள். டீச்சரையும் சேர்த்தால் சபைக்கு ஐந்து.

சபைக்கு வெளியிலும் பரவியது. டீச்சரை ஞாயிறுதோறும் கோயிலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரர் பாலு, ஒருநாள் சிக்னலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், தம்பி கொயந்தைக்கு உன் பேருதான் வச்சுகீறோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே பாலு."

"உன்னிய இன்னாத்துக்கு கேக்கணும்? போன்ல கொயந்த பேரு லிஸ்ட்ல கீது. சோக்கா கீது, சின்னதா கீது. வூட்ல யூன்னு கூப்புடுறோம்."

"யூவா?"

"ஆமா. ஒரே எயுத்து. பேஜாரே இல்ல."

டீச்சர் அன்று ஆராதனையில் எந்தப் பாட்டும் பாடவில்லை.

பிறந்தநாள் வாரத்தில் இதைவிடப் பெரிய அடி விழுந்தது. அந்தச் சபையில் பிறந்தநாள்காரர்களைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து ஜெபிப்பது வழக்கம். "யூனிஸ் முன்னால் வரலாம்" என்றார் ஆயர். டீச்சர் கஞ்சி போட்ட புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். எதிர்ப்புறத்திலிருந்து பலூன் மாதிரி உப்பிய கவுனில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் நடந்து வந்தது. ஆயர் இருவரையும் பார்த்தார். பிறகு குழந்தையின் தலையில் கை வைத்தார். டீச்சருக்கும் சேர்த்துத்தான் ஜெபித்தார், ஆனால் மைக் பிடிக்காத கை ஒன்றுதானே இருந்தது.

இந்த நிலவரத்தில்தான் கெசியாவுக்குப் பெண் பிறந்தது. அவள் இருப்பது கீழ்க்கட்டளையில் ஒரு அடுக்குமாடியில். கணவன் ஜோஸ்வின் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் சோதிப்பவன். வீட்டிலும் சோதனையை விடமாட்டான். நூற்று நாற்பது பெயர்களை எக்செல்லில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நேராகச் சபையில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்று ஒரு கட்டம் போட்டிருந்தான்.

"ஞானத்தாய் நீங்கதான் அத்தை" என்றாள் கெசியா.

"சரி. பேரு?"

"இவர் முதல்ல யூனிஸ்தான் போட்டிருந்தார். நான்தான் எடுத்துட்டேன்."

டீச்சர் குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டார். "ஏன்?"

"ரொம்ப காமன் அத்தை. எல்.கே.ஜி.யில யூனிஸ் ஏ, யூனிஸ் பின்னு கூப்பிடுவாங்க. யாருக்குமே இல்லாத பேரா இருக்கணும். அதுவும் இல்லாம, நீங்கதானே அப்பாகிட்ட சொன்னீங்க, ஒரு வீட்டுக்கு ஒரு யூனிஸ் போதும்னு."

"ஆமா. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

ஜெரூஷா என்று முடிவாயிற்று. எக்செல்லில் அதற்கு நேராகப் பூஜ்யம்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அபிக்குப் போன் போட்டார். "என் பேர் வைக்கலையாம்."

"உன் பேர் வேணும்னு கேட்டியா?"

"கேட்டு வாங்க அது என்ன ரேஷனா?"

"அப்ப விடு."

"எனக்கப்புறம் அந்த வீட்ல அந்தப் பேர் இருக்காது அபி."

"ஊரெல்லாம் இருக்கேடீ."

"அதெல்லாம் போன்லேர்ந்து வந்தது."

அபி பேச்சை மாற்றி, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

ஞானஸ்நான ஞாயிறு வந்தது. ஞானத்தாய்தான் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆயர் அதைச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் விழுந்த பெயரை மாற்றுவதில்லை என்பது ஆயர் சுந்தர்சிங்கின் சட்டம். அன்று இரண்டு குழந்தைகள். முதலில் பெருங்களத்தூரிலிருந்து புதிதாகச் சபையில் சேர்ந்திருந்த குடும்பம்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

"ஜெரூஷா" என்றார் அந்தக் குழந்தையின் ஞானத்தாய்.

கெசியாவின் முகம் வெளுத்தது. ஜோஸ்வின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே பட்டியலைத் தள்ளிப் பார்த்தான். "இவங்க லிஸ்ட்லயே இல்ல கெசி. போன வாரம்தான் வந்திருக்காங்க" என்று முணுமுணுத்தான். அதற்குள் ஆயர் இவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

"அத்தை, ஏதாவது சொல்லுங்க" என்று கெசியா காதில் கெஞ்சினாள். "யாருக்கும் இல்லாததா."

யூனிஸ் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தடுக்கும் நிலையில் இல்லை. ஆனால் இரண்டாவது வரிசையில் பலூன் கவுன் யூனிஸ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். கணக்கு டீச்சர் மறுபடி கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஐனிக்கேயாள்."

ஆயரின் கையில் தண்ணீர் நின்றது. இருபது வருஷமாகத் தமிழ் வேதாகமப் பெயர் வையுங்கள் என்று மன்றாடிவிட்டு, ஜோஸ்லின்களுக்கும் ஜெய்டன்களுக்கும் தண்ணீர் ஊற்றி வந்தவர் அவர். கண் கலங்கியபடி, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார்.

டீச்சர் இன்னொரு முறை சொன்னார். தண்ணீர் விழுந்தது.

வாசலில், செருப்பு மாட்டுவதற்கு முன்பே கெசியா அழ ஆரம்பித்தாள். "இது என்ன பேர் அத்தை? அவ எப்படி ஸ்கூல் போவா?"

"யாருக்கும் இல்லாததா கேட்ட. குடுத்தேன்."

ஜோஸ்வின் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். அவன் குரலில் பக்தி இருந்தது. "கெசி, இன்ஸ்டால ஒண்ணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட."

கெசியா அழுகையை நிறுத்தினாள். "ஒண்ணுகூடவா?" சிறிது யோசித்தாள். "வீட்ல நிக்கின்னு கூப்பிடலாம்ல?"

"முழுசா கூப்பிடணும்" என்றார் டீச்சர்.

கீழ்க்கட்டளை அடுக்குமாடியில் இப்போது நிக்கிக்கு ஏகப்பட்ட மரியாதை. அடுத்த மாத ஞானஸ்நானத்துக்கு ஐனிக்கேயாள் என்ற பெயர் கேட்டு இரண்டு குடும்பங்கள் ஆயரைப் பார்த்திருக்கின்றன. ஜோஸ்வின் எக்செல்லைத் திறந்து கவலைப்படுகிறான். டீச்சர் கவலைப்படவில்லை. கெசியா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதால் பகலில் குழந்தையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டில் அவர் ஒருவர் மட்டுமே அவளை ஆறெழுத்தும் விடாமல் அழைக்கிறார். அபி டீச்சர் போன வாரம் பார்க்கப் போகும் வரை அப்படித்தான் நம்பப்பட்டது.

அபி சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தார். கூடத்தில் பாயில் கிடந்த குழந்தை, விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐனிக்கேயாள்" என்றார் டீச்சர். குழந்தை விசிறியையே பார்த்தது.

"ஐனிக்கேயாள்." விசிறிதான்.

டீச்சர் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "நிக்கி" என்றார், மெல்ல.

குழந்தை திரும்பிப் பொக்கை வாயால் சிரித்தது.

"யாரைடீ கூப்பிட்ட?" என்று உள்ளேயிருந்து அபி கேட்டார்.

"ஐனிக்கேயாளை" என்றார் யூனிஸ் டீச்சர்.