விழுந்த கைக்கு அரைப் புள்ளி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளுக்கு அது காரணம். ஆனால் எழுத்துகள் கோட்டை விட்டு ஓடுவதற்குக் காரணம் வேறு. என் விரல்கள் பேனாவைப் பிடிக்காது. உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் பேனாவைச் செருகி, தோளால் எழுதுகிறேன்.

நான் பெயிண்டர். 1998-ல் பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெளிச்சுவர் அடிக்கும்போது சாரத்தின் கயிறு அவிழ்ந்துவிட்டது. மணல்மேல் விழுந்தேன். வலியே இல்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஈர பிரஷ் என் கைமேல் கிடந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் (மூளையின் செய்தியை உடம்புக்குக் கொண்டுபோகும் நரம்புக் கட்டு) நசுங்கிவிட்டது என்றார்கள். குவாட்ரிபிளீஜியா (கை, கால் நான்கையும் பாதிக்கும் வாதம்) என்ற பெயரை என் மனைவி ஸ்டெல்லா ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

"நடப்பாரா டாக்டர்?"

"முதல்ல உட்கார வைப்போம்மா."

உட்காரவே பதினோரு வாரம் ஆனது.

முழங்கையை நீட்டும் பின்பக்கத் தசை எனக்குச் செத்துவிட்டது. பிசியோதெரபி (உடற்பயிற்சி வைத்தியம்) செய்த அம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தோளை வெளிப்பக்கம் வீசினால் கை தானாக நீண்டு பூட்டிக்கொள்ளும். அதைப் பழக எட்டு மாதம். முதல் தடவை கை நீண்டபோது வார்டே கைதட்டியது.

வெகுநாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு இது புரியும். டாக்டர் வந்தால் முடிந்ததைக் காட்டுவோம், முடியாததை மறைப்போம். "வெரி குட்" என்ற ஒரு சொல்லுக்காக. அது பழக்கமாகிவிடும்.

மர்பி டவுன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான்கு வருடம் வாசல் தாண்டவில்லை. இயல்பிலேயே கூச்சக்காரன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நாகராஜ்தான் ஒருநாள் ஆட்டோவோடு வந்து, டிரைவரை விட்டு என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கன்னடக்காரர், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார், பஸ் மெக்கானிக்காக இருந்தவர். போன இடத்தில் சக்கர நாற்காலி ரக்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியும் நாற்காலியும் மோதும் சத்தம் லாரி மோதினதுபோல் கேட்டது. பயந்துவிட்டேன். மறுநாளும் போனேன்.

பந்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல். ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பையும் சோதித்துப் புள்ளி தருவார்கள். பலம் அதிகமென்றால் மூன்றரை, மிகக் குறைவென்றால் அரை. களத்தில் இருக்கும் நான்கு பேரின் புள்ளியும் சேர்ந்து எட்டைத் தாண்டக் கூடாது. நாகராஜ் மூன்று. மற்ற இருவர் இரண்டரையும் இரண்டும். மிச்சம் அரை, அதுதான் நான். பலவீனனாக இருப்பதால் என்னை வேண்டும் என்று சொன்ன இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

பல நாட்டு அணிகள் மோதும் போட்டி பெங்களூரிலேயே நடந்தது. நம் நாட்டுச் சட்டையை ஸ்டெல்லா எனக்கு மாட்டிவிட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர் எங்களைச் சோதித்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய வார்டு ஞாபகம் வந்துவிட்டது. கையை நீட்டச் சொன்னார். தோளை வீசி, முழங்கையைப் பூட்டி, அழகாக நீட்டினேன்.

"வெரி குட்" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு புள்ளி. என் அரை ஒன்றாகி, அணியின் கணக்கு எட்டரை ஆகிவிட்டது. வேறு அரைப் புள்ளிக்காரர் எங்களிடம் இல்லை. நான் வெளியே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நாகராஜ் உட்கார வேண்டும்.

"ஏன் குரு, மூணு வருஷமா ஒரு பந்து ஒழுங்கா பிடிச்சதில்ல. டாக்டரம்மாவைப் பார்த்ததும் பயில்வான் ஆயிட்டியா?" என்றார் நாகராஜ்.

"டாக்டர் முன்னாடி இவரு எப்பவும் இப்படித்தாண்ணா. காய்ச்சல்ல கொதிச்சாலும் நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவாரு" என்றாள் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப போய் உள்ளதைச் சொல்லுங்க."

மறுசோதனை கேட்டோம். மொழிபெயர்க்க ஒரு பெண் நின்றார். ஒன்பது வருடத்தில் எந்த டாக்டரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

"அப்ப நான் கையை நீட்டலைம்மா, வீசினேன். நீட்ட எனக்கு முடியாது."

டாக்டரம்மா என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். கையைக் கூரை பார்க்கத் தூக்கி, தோள் வீச முடியாதபடி மேல்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நீட்டச் சொல்லிவிட்டு முன்கையை விட்டார். பொத்தென்று என் மூக்கில் விழுந்தது. இன்னொரு தடவை, மறுபடியும் மூக்கு. மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் விரலால் காட்டினார்: அரை.

வெளியே நாகராஜ் போட்ட சத்தத்தில் மற்ற நாட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஸ்டெல்லா என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "இந்தக் கை விழுந்ததுக்குச் சந்தோஷப்படுவேன்னு நினைக்கவேயில்ல" என்றாள்.

கடைசி ஆட்டம் மூன்றாம் இடத்துக்கு. கடைசி நிமிடத்தில் இரு பக்கமும் சம கோல். பந்து நாகராஜ் மடியில். எதிரணியின் மூன்றரைப் புள்ளிக்காரர், மலைபோல் தோள், அவரை மறிக்கப் பாய்ந்தார். என் நாற்காலியின் முன்னால் கொக்கிபோல் ஓர் இரும்பு உண்டு. அதை அவர் சக்கரத்தில் கோத்துவிட்டேன். இழுத்தார், உதறினார். என்னைக் குனிந்து பார்த்து அவர் மொழியில் ஏதோ கத்தினார்.

"சாரி சார்" என்றேன். நகரவில்லை.

நாகராஜ் கோட்டைத் தாண்டினார். மணி அடித்தது. ஒரு கோலில் ஜெயித்தோம். பதக்கத்தைப் போட வந்தவர் கை குலுக்க நீட்டினார். கூச்சப்படாமல் மடங்கிய விரல்களோடு என் கையைக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது கட்டிலில் இருக்கலாம். எட்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். புரட்டிப் படுக்கவைக்க ஆள் வருவதற்குக் காத்திருக்கும் நேரம் அது. எனக்கு இப்போது எட்டு நிமிடம் என்றால் ஆட்டத்தில் ஒரு கால்பங்கு, போதவே போதாது. உடம்பு மாறவில்லை. செத்த தசை செத்ததுதான். டாக்டர் கேட்டால் முடியாததை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு சொல்ல நிறைய இருக்கிறது.

இதை எழுத ஏழு மாதம் ஆயிற்று. கை விழுந்தபோதெல்லாம் விழ விட்டு, மறுபடி காகிதத்தில் தூக்கி வைத்தேன். தேதியையாவது நான் எழுதுகிறேனே என்று ஸ்டெல்லா பேனாவைக் கேட்டாள். தரவில்லை.

14 டிசம்பர் 2008, ஞாயிறு.