ஊசியை ஒரு படி இறக்கினால்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் வருகிற எவரும் முதலில் உண்மை பேசுவதில்லை. காபரேட்டரைக் கழற்றிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். கொட்டகலை பஜாருக்குச் சற்று மேலே, ரோட்டு வளைவில் இருபத்தாறு வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். விடியற்காலைக் குளிரில் வண்டியை உதைத்து உதைத்து, செருப்பு பறந்துபோய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கஷ்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்றாலும் நானும் உங்களில் ஒருவன்தான்.

எனக்கென்று ஒரு கஷ்டம் தனியாக இருக்கிறது. என் ஒரே மகன் நிரோஷன் கொழும்பில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான். வண்டி அவனுடையது. பழைய வண்டியாக வாங்கி, எஞ்சினை இறக்கிச் செய்து கொடுத்தது நான். அவன் அடுத்து எப்போது வீட்டுக்கு வருவான் என்பதுதான் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு. மற்றப் பேச்செல்லாம் அதற்கு நடுவில் வந்து போகும்.

ஸ்வெட்டரும் சோக்கும்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மலை மலையாகச் சுற்றி வேலையை மேற்பார்வையிடும் கண்டாக்கையா ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். அவருடைய வண்டி மாதத்துக்கு ஒரு ப்ளக் தின்னும். கழற்றிப் பார்த்தால் ப்ளக் அடுப்புக்கரி நிறத்தில் இருக்கும். பெட்ரோல் கூடிப்போகிறது என்பது தெரிகிறது. ஆனால் ஜெட் சரி, மிதவை சரி, எல்லாமே சரி. மூன்று தடவை காபரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டியும் பழைய கதைதான். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காவது தடவை அவர் வந்து இறங்கும்போதே குனிந்து பார்த்தேன். சோக்கை முழுதாக இழுத்துவிட்டபடியே நோர்வூட்டிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். சோக் என்பது குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும்தான், இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட வேண்டும் என்று மரியாதையாக எடுத்துச் சொன்னேன். அவர் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர் என்று நின்றுகொண்டு நிதானமாகக் கேட்டார்: "பத்து மணி வரைக்கும் நானே ஸ்வெட்டரக் கழட்டுறதில்ல பாஸ், அது மட்டும் என்னத்துக்கு வெறும் ஒடம்போட ஓடணும்?"

அவர் அடித்துவிட்டுப் போன பெட்ரோல்

பூண்டுலோயாவிலிருந்து ஒரு பெண், புருஷனுடைய மோட்டார் சைக்கிளை மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். புருஷன் கட்டாருக்குப் போய் இரண்டு வருடமாகிறதாம். இன்னும் பத்து நாளில் வருகிறாராம். வந்து உதைத்ததும் வண்டி பிடிக்க வேண்டும், அதுதான் அவள் கேட்டது. வண்டியைப் பார்த்தால் கடையில் நிற்கிற புது வண்டி மாதிரி பளபளவென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஹெட்லைட்டுக்குச் சந்தனப் பொட்டும் வைத்து வந்திருக்கிறாள். ஒரு நாள்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. காபரேட்டருக்குள் தண்ணீர் நின்று, ஜெட் பச்சை பூத்துக் கிடந்தது.

டேங்கில் பாதிக்கு மேல் பழைய பெட்ரோல். மூடியைத் திறந்தால் பெயின்ட் வாடை அடிக்கிறது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடித்தால்தான் வண்டி ஓடும் என்றேன். அவள் சட்டென்று எழுந்துவந்து டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு சொல்லியும் கையை எடுக்கவில்லை. கடைசியில் அதில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் வடித்துக் கொடுத்தேன். போத்தலை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "கெட்டுப்போனாலும் பரவால்லண்ணே, அவரு கையால வாங்கி வச்சிட்டுப் போனதுல இது மட்டுந்தான் இன்னும் தீராம இருக்கு."

நல்ல மறதி

மலைக்கு மேலே காற்று மெலிசு. கொழும்புக் காற்றுக்குச் சரியாக வைத்த வண்டி இங்கே ஏறி வந்தால், காற்றுக் குறைந்து பெட்ரோல் மிஞ்சிப்போய் இருமும், கறுப்பாகப் புகை விடும். அதனால் காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்ன ஊசியை இங்கே ஒரு படி இறக்கி வைப்போம். அதே வண்டி கொழும்புக்குப் போவதானால் ஊசியை ஒரு படி உயர்த்தி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பெட்ரோல் போதாமல் வண்டி இழுக்காது, சூடேறும், டப் டப்பென்று வெடிக்கும். ஹட்டன் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நிரோஷன் முதல் முதலாக வேலைக்குப் புறப்பட்ட அன்று நான் அதை மறந்துவிட்டேன். அன்றைக்கு என் கண்ணில் நின்ற தண்ணீருக்கு ஊசி எங்கே தெரிந்தது?

மூன்றாவது வாரமே வண்டியோடு வந்து நின்றான். வேறு யாரையும் கை வைக்க விடாதே என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். கொழும்பில் வெடித்த வண்டி, இங்கே வந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்தில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நிசாம் நானாவிடம், இப்படி மறந்துபோனேனே என்று சொல்லி வெட்கப்பட்டேன். இரண்டு நாள் பையன் வீட்டில் இருந்தான். ராஜேஸ்வரி, என் மனைவி, ரொட்டி சுட்டு, அதற்குக் காரமாகக் கட்டச்சம்பல் இடித்தாள். அவன் குளிக்கப் போனால்கூட வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை காபரேட்டரைத் திறந்து ஊசியைக் கையில் எடுத்தேன். ஒரு படி உயர்த்தினால் போதும், ஒரு நிமிட வேலை. உயர்த்தினால் அப்புறம் எதற்கு வருவான் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தை மட்டும் கழுவிவிட்டு, ஊசியை இருந்தபடியே வைத்துப் பூட்டிவிட்டேன். மறதி என்று சொல்ல முடியாது. என் தொழிலில் நான் செய்த அசிங்கமான வேலை அதுதான். அடுத்த மாதம் வந்தான், அதற்கடுத்த மாதமும் வந்தான். நிசாம் நானா தேநீர்க் கோப்பையோடு என் கராஜ் வாசலில் வந்து நின்று, பையன் போன திசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஊர் வண்டியெல்லாம் ஒரே தடவையில சரியாகுது, மகன்ட வண்டி மட்டும் மாசா மாசம் வருது. நல்ல மறதிதான் ஒங்களுக்கு."

ராஜேஸ்வரிக்குத் தெரியும்

ஒரு நாள் மத்தியானம் நிரோஷன் கொழும்பிலிருந்து போன் செய்தான். மருதானைச் சந்தியில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டதாம். பின்னால் வந்த பஸ் உரசியதில் விழுந்து முழங்கால் தோல் போய்விட்டதாம். அம்மாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, சிரித்துச் சிரித்துச் சொன்னான். அன்று யாருடைய வண்டியையும் தொடவில்லை. பஸ் இன்னும் ஒரு முழம் முன்னால் வந்திருந்தால் என்ற எண்ணம் சோறு முன்னால் இருந்தபோதும் போகவில்லை.

ராஜேஸ்வரி மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அவன் வந்தபோதே ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டதாம். பிள்ளை வருகிறானே என்ற ஆசையில் தானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டதாகச் சொன்னாள். சுண்ணாம்பு டப்பாவை மூடிவைத்துவிட்டு அவள் சொன்னது: "அவன் வராட்டி நான் அழுதுக்கிறேன், நீங்க அந்த ஊசிய ஒழுங்கா வச்சு அனுப்பிருங்க."

இருமல் சத்தம்

கட்டுப்போட்ட முழங்காலோடு வந்தவனுக்கு ஊசியை ஒரு படி உயர்த்தி, ப்ளக் மாற்றி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். வண்டி இங்கேயே இருமுகிறதே என்று அவன் முகத்தைச் சுளித்தான். இறங்க இறங்கச் சரியாகிவிடும் என்றேன். மலை இறங்கிக் கித்துல்கல தாண்டியதும் போன் செய்து, இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னான். நானும் சந்தோஷம் என்றேன். அதன் பிறகு அவன் வரவில்லை. வேலை அதிகம், லீவு இல்லை என்றான். பொங்கலுக்கு ராஜேஸ்வரி அவன் பங்கை மூடிவைத்தாள், மறுநாள் நாங்களே சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து என் காது ரோட்டிலேயே இருந்தது. கொழும்புக் காற்றுக்கு வைத்த வண்டி வளைவில் இருமிக்கொண்டுதான் ஏறும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவேன். சித்திரை மாதம் வந்ததும் கீழ்நாட்டு ஜனமெல்லாம் நுவரெலியா பார்க்கக் கிளம்பிவிட்டது. நாளெல்லாம் இருமல்தான். ஒவ்வொன்றுக்கும் ஓடினேன். ஒரு நாள் கம்பஹா பக்கத்து இளைஞன் ஒருவன், புது மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு புகையோடு வந்து நின்றான். நான் பாய்ந்து வந்ததையும், அவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் முகம் போன போக்கையும் கவனித்திருக்கிறான். ஊசியை இறக்கிப் பூட்டிக் கொடுத்தேன். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், நீங்க ஓடி வந்தது எங்களுக்காக இல்ல, என்ன?"

இருமாத வண்டி

ஆனி மாத மழையில் ஒரு நாள் பகல், வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வரும் சத்தம். இருமல் இல்லை, திணறல் இல்லை, சுத்தமான சத்தம். உள்ளூர் வண்டி என்று நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வண்டி கராஜுக்குள்ளேயே வந்து நின்றது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து நிரோஷன் இறங்கினான். எனக்கு ஸ்பேனர் எங்கே, கை எங்கே என்று தெரியவில்லை. கொழும்பில் வண்டி பழையபடி வெடிக்கிறது, சூடாகிறது, இழுக்கவே இல்லை, சரிசெய்துகொண்டு வா என்று கம்பனியில் இரண்டு நாள் லீவு விட்டிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னான்.

தலையைத் துவட்டத் துணி கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தேன். அழகாகப் பிடித்துக்கொண்டது. அதுதான் இடித்தது. நான் கொழும்புக்கென்று வைத்து அனுப்பிய வண்டி இங்கே இருமியிருக்க வேண்டுமே. காபரேட்டரைத் திறந்தேன். மூடியின் ஸ்க்ரூ இரண்டும் அளவில்லாத ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருகித் தலை வழுக்கிக் கிடந்தன. ஊசி ஒரு படி இறங்கியிருந்தது. தொழில் தெரிந்தவன் செய்த வேலை இல்லை.

யார் இதில் கை வைத்தது என்று கேட்டேன். அவன் மழையைப் பார்த்தான், நிசாம் நானா கடையைப் பார்த்தான், பிறகு துணியால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வண்டி பழுதானாத்தான் லீவு தர்றாங்கப்பா. உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்போல இருந்திச்சு, நேத்து அந்திக்கு நானே ஊசிய எறக்கிட்டு, காலையில அவங்க முன்னால ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன்."

இருபத்தாறு வருடத் தொழிலில், ஊசியை ஒழுங்காக உயர்த்தி வைத்து, அதைத் திரும்ப இறக்குவதற்கு அளவான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றையும் நானே கொடுத்து அனுப்பிய ஒரே வாடிக்கையாளர் அவன்தான்.