எங்கள் வாசலில் வந்து கூப்பிட வைத்தாள் கன்னியம்மா

என் பெரியம்மா சாக நோய் மட்டும் காரணமில்லை. ஒரு வாயும் காரணம்.

அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் இருளர் குடியிருப்பு. மூன்று வருஷத்துக்கு முன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம் போட்டார்கள். பெரியம்மாவும் அம்மாவும் போனார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்ட ஊர்க்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போவுது? காட்டுக் கிழங்கும் நண்டும் துன்ற உடம்பு! போங்க, கூட்டம் ஜாஸ்தியா இருக்குது."

விரட்டுகிறாள் என்றே இவர்களுக்குத் தெரியவில்லை. பாராட்டு என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். "நம்மளுது இரும்பு உடம்பாம்டி" என்று பெரியம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். மார்பில் கட்டி பெருத்தபோதும் அதையேதான் சொன்னாள். புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். "ரொம்ப முத்திப் போச்சும்மா" என்றார் டாக்டர். போய்விட்டாள்.

அதே முகாமில் ஊர்ப் பெண் ஒருத்திக்கும் கட்டி கண்டுபிடித்தார்கள். அவள் நன்றாக இருக்கிறாள். கடைத்தெருவில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அழுதுகொண்டு கிடக்க எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குலசாமி வேப்பமரத்தடிக் கன்னியம்மா முன்னால் ஈரப் புடவையோடு நின்றேன். "தாயே, எனக்கு ஆறுதல் வேணாம். துரத்தின வாயே எங்க வாசலுக்கு வந்து கூப்பிடணும். எங்கம்மா உயிரோட இருக்கும்போதே கூப்பிடணும்."

அடுத்த திங்கட்கிழமை எங்கள் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். நடந்ததைக் குரல் நடுங்காமல் சொன்னேன். அந்தக் குரலைக் கொடுத்தவள் கன்னியம்மாதான்.

ஆடி மாதம் பரிசோதனை வண்டி எங்கள் குடியிருப்புக்குள்ளேயே வந்தது. வீடு வீடாகக் கூப்பிட அதே பெண்மணியை அனுப்பியிருந்தார்கள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அக்கா, வாங்கக்கா" என்றாள் வாசலில்.

"உங்களுக்கும் இந்த நோய் வரும்னு சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

குனிந்த தலையோடு சொன்னாள்.

உள்ளே இருந்து அம்மா, "வுடுடி, பாவம், வெயில்ல நிக்கிறாங்க" என்றாள்.

"நிக்கட்டும்."

அம்மாவுக்கு அப்போது ஒரு வலியும் இல்லை. நர்ஸ் தடவிப் பார்த்தபோதுதான் கட்டி தட்டுப்பட்டது. மல்லாட்டைப் பருப்பளவு, ஒரு நிலக்கடலை அளவுதான். ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கொட்டின முடி முளைத்துவிட்டது. இப்போது என்னோடு சண்டை போடுகிறாள். பிழைத்துவிட்டாள், தாயே!

அந்தப் பெண்மணியை மன்னித்துவிடு என்கிறார்கள். அந்த மனசை நான் கன்னியம்மாவிடம் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

அக்கா தங்கச்சிகளே, உங்கள் கோபத்தையும் அவளிடமே கொண்டு போங்கள். முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் கும்பிட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முகாம் வரிசையில் முதல் ஆளாய் நில்லுங்கள். யாராவது பின்னால் தள்ளினால், தள்ளின கை யாருடையது என்று நன்றாகப் பார்த்து வையுங்கள். கன்னியம்மா கேட்டால் சொல்ல வேண்டாமா?